மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது

கண்டி மாநகரிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணைக் கடைவீதியின் சந்தடியையும் தாண்டிச் சென்றால் அலவத்துகொட என்னும் ஊர் வருகிறது. சரிவுகளில் மிளகும் கறுவாவும் சாதிக்காயும் கொக்கோவும் ஒன்றன் நிழலில் ஒன்று வளரும் வளவுகளையும், பள்ளங்களில் பசுமை குன்றாத வயல்களையும் உடைய ஊர் அது. சில ஆண்டுகளுக்கு முன், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அவ்வூரில் வசிக்கும் நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வளவையும் வாசிப்பையும் தவிர வேறு கவலை அறியாதவர் என்று நாம் எண்ணியிருந்தோம்.

வாசற்கதவைத் திறந்ததுதான் தாமதம், இஞ்சிப் பாத்தியொன்றிலிருந்து மண் வாரித் தெறித்தது. அம்மண்ணின் நடுவிலிருந்து வெள்ளை நிறச் சிற்றுருவம் ஒன்று பந்துபோல் எழும்பி, நம்மை நோக்கிப் பாய்ந்து வந்தது. ஒரு காதும் ஒரு கண்ணும் கபில நிறம், மற்றவை வெண்மை. நம் முழங்காலுக்கும் எட்டாத அந்த நாய், யானையையே எதிர்த்து நிற்பதுபோல் நின்று குரைத்தது.

"பயப்படாதீர்கள் மாமா, மணி கடிக்க மாட்டான்" என்று கூறியவாறு நண்பரின் பேரன் ஓடி வந்து அதனைத் தூக்கிக்கொண்டான். பன்னிரண்டு வயதுச் சிறுவன் அவன்.

தேநீர் அருந்தும்போதுதான் அவ்வீட்டின் கவலை வெளியாயிற்று. "இந்த நாயை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும், தம்பி" என்றார் நண்பரின் மனைவியார். எட்டு மாதத்திற்குள் அது இஞ்சிப் பாத்திகளை இருமுறை தோண்டியழித்தது. செருப்புகள் மூன்று சோடியைக் கடித்துக் குதறியது. அயல் வீட்டாரின் முட்டையிடும் கோழிகள் இரண்டைக் கொன்றது. பல்லாண்டு உறவாக இருந்த அயலவர் இப்பொழுது முகம் பார்த்துப் பேசுவதில்லை. சிறுவன் ஒன்றும் சொல்லவில்லை. நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தான்.

"நீர் எழுத்துத் தொழில் செய்கிறவர். இந்த ஜாதி நாயின் இயல்பை நாலு பேரிடம் கேட்டு அறிந்து சொல்லும். அதுவரை பொறுத்துக்கொள்கிறோம்" என்றார் நண்பர். அவ்வாறு நாம் அறிந்தவற்றையும், பின்னர் அவ்வீட்டில் நிகழ்ந்தவற்றையும் நம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று கருதுகிறோம்.

மண்ணின் பெயர் கொண்ட நாய்

மணி, ஜாக் ரசல் டெரியர் என்னும் இனத்தைச் சேர்ந்தது. 'டெரியர்' என்னும் சொல், நிலத்தைக் குறிக்கும் 'தெர்ரா' என்ற இலத்தீன் சொல்லின் வழியாகப் பிரெஞ்சு மொழியில் புகுந்து, பின் ஆங்கிலத்துக்கு வந்தது. வளைகளில் வாழும் நரி, எலி முதலியவற்றை மண்ணுக்குள்ளே புகுந்து துரத்துவதற்காகப் பழக்கப்பட்ட நாய்களுக்கு அப்பெயர் பொருத்தமாக அமைந்தது. எனவே, மணி இஞ்சிப் பாத்தியைத் தோண்டியது குறும்பினால் அன்று. நீந்துவது மீனுக்கு எவ்வாறு இயல்போ அவ்வாறே தோண்டுவது டெரியருக்கு இயல்பு. அதன் முன்னோர் பல தலைமுறைகளாக அத்தொழிலுக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவர்கள். இந்த உண்மையை முதலில் மனத்திற் கொள்ளாதவர் இந்த இனத்தை வளர்க்க முற்படலாகாது.

பாதிரியாரும் பால்காரரும்

இவ்வினத்தின் வரலாறு சுவையானது. ஜோன் ரசல் என்பவர் 1795ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த காலத்தில், 1819ஆம் ஆண்டு, பால்காரர் ஒருவரிடம் ஒரு சிறிய பெண் நாயைக் கண்டார். வெண்ணிற உடல், ஒவ்வொரு கண்ணையும் காதையும் சூழ்ந்த கபில நிறம், வாலின் அடியில் ஒரு புள்ளி. கண்டவுடனே அதனை விலைக்கு வாங்கிவிட்டார். அதன் பெயர் 'ட்ரம்ப்'.

பின்னர் ரசல் டெவன் மாகாணத்தில் சுவிம்பிரிட்ஜ் என்னும் ஊரின் பாதிரியாராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். வேட்டையில் தணியாத விருப்பமுடைய அவர், ட்ரம்பின் வழியில் வந்த நாய்களைத் தேர்ந்து பெருக்கினார். நரியை வளையிலிருந்து வெளியேற்றும் துணிவு வேண்டும். ஆனால் அதனைக் கொன்றுவிடும் வெறி இருத்தலாகாது என்பது அவர் கொள்கை. 1873ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கெனல் கிளப் நிறுவப்பட்டபோது அவரும் அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவராக விளங்கினார். 1883ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய பெயர் மாத்திரம் அவர் வளர்த்த நாய்களில் நிலைத்து நிற்கிறது.

இங்கிலாந்தில் பிறந்த இவ்வினம் அவுஸ்திரேலியாவில்தான் செவ்வையாக ஒழுங்குபடுத்தப்பெற்றது. 1972ஆம் ஆண்டில் அந்நாட்டில் இதற்கெனத் தனிச் சங்கம் தோன்றியது. பன்னாட்டு நாய்வளர்ப்புச் சம்மேளனம் 2000ஆம் ஆண்டில் இதனைத் தற்காலிகமாக ஏற்றது. பிறந்த நாட்டின் கெனல் கிளப்போ 2016ஆம் ஆண்டில்தான் இதனைத் தன் பட்டியலிற் சேர்த்தது. நீண்ட கால்களையுடைய உறவினமாகிய 'பார்சன் ரசல்' அங்கு 1990ஆம் ஆண்டிலேயே இடம் பெற்றுவிட்டது. தம்பி காத்திருக்க அண்ணன் முந்திக்கொண்ட கதை இது.

இசைத்தட்டில் இருந்த நாய்

நம் பாட்டனார் காலத்துக் கிராமபோன் பெட்டிகளைப் பார்த்தவர்கள் டெரியர் ஒன்றை முன்னரே அறிவார்கள். ஒலிபெருக்கிக் குழலின் முன் தலையைச் சாய்த்து அமர்ந்து, 'எசமானின் குரல்' கேட்கும் அந்த வெள்ளை நாய்க்கு 'நிப்பர்' என்று பெயர். 1884ஆம் ஆண்டளவில் பிரிஸ்டல் நகரிற் பிறந்த அந்நாய், வருவோரின் கால்களைப் பின்புறமாகக் கடித்து வைக்கும் வழக்கத்தால் அப்பெயரைப் பெற்றதாம். முதல் எசமானர் இறந்தபின் அவருடைய சகோதரரான ஓவியர் பிரான்சிஸ் பரோட் அதனை வளர்த்தார். 1895ஆம் ஆண்டில் நிப்பர் இறந்த பிறகே அவர் அந்த ஓவியத்தை வரைந்தார். 1899ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனி அதனை 100 பவுணுக்கு வாங்கியது. நிப்பர் முற்றும் கலப்பற்ற ஜாதி நாய் அன்று. ஆயினும் அதன் உடலில் ஜாக் ரசல் வழி இரத்தம் ஓடியதென்றே பலரும் கருதுகின்றனர். தமிழ் நாட்டு நாதசுர மேதைகளின் இசையும் நாடக நடிகர்களின் பாட்டும் அந்த நாயின் படத்தோடுதான் நம் இல்லங்களுக்கு வந்தன.

இவ்வினத்தின் மனத்திட்பத்துக்கு மற்றுமொரு சான்று கூறலாம். 1979 முதல் 1982 வரை சர் ரனுல்ப் பைன்ஸ் தலைமையில் இரு துருவங்களின் வழியாக உலகைச் சுற்றிய குழுவினருடன் 'போதி' என்னும் ஜாக் ரசல் நாயும் சென்றது. தென் துருவத்தையும் வட துருவத்தையும் மிதித்த முதல் நாய் என்னும் புகழ் அதற்கே உரியது. 1994 முதல் தென் துருவக் கண்டத்திற்கு நாய்களைக் கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்டிருப்பதால், அப்புகழில் பங்கு கேட்க இனி வேறொரு நாய் வருவது அரிது.

மலைநாடும் எலிகளும்

டெரியருக்கும் நம் மலைநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். இன்று தேயிலை விளையும் சரிவுகளிற் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களாக இருந்தன. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், கோப்பி எலி என்னும் பிராணியைப் பற்றி எழுதியுள்ளார். காட்டில் நெலுச் செடிகள் தரும் உணவு குறையும் காலத்தில் அவ்வெலிகள் கூட்டங்கூட்டமாகத் தோட்டங்களிற் புகுந்து, மொட்டையும் பூவையும் உண்பதற்காக இளங்கிளைகளைக் கத்தரித்துவிடும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் 1,000 எலிகள் வரை கொல்லப்பட்டதுண்டு என்பது அவர் தரும் செய்தி. கோப்பி, 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயால் அழிந்தது, எலிகள் அழியவில்லை. கொக்கோக் காயைக் குடைவதும், நெல்லைக் கொறிப்பதும், தென்னங் குரும்பையை வீழ்த்துவதும் இன்றும் அவற்றின் தொழிலே.

ஆதலால், எலி பிடிப்பதில் வல்ல சிறு நாய் ஒன்று வளவில் இருப்பது நன்மையே. ஆனால் அந்நன்மைக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

உருவ இலக்கணம்

இவ்வினத்தின் உயரம் தோள் வரை 25 முதல் 30 சென்ரிமீற்றர். ஒவ்வொரு 5 சென்ரிமீற்றர் உயரத்திற்கும் ஒரு கிலோகிராம் என்பது எடைக்குரிய கணக்கு. அதாவது 25 சென்ரிமீற்றர் உயர நாய் 5 கிலோவும், 30 சென்ரிமீற்றர் உயர நாய் 6 கிலோவும் இருத்தல் வேண்டும். உடல் உயரத்தினும் சற்று நீண்டது. வெண்மையே மேலோங்கி நிற்க, கறுப்போ கபிலமோ ஆங்காங்கு படர்ந்திருக்கும். உரோமம் மூவகைப்படும்: வழவழப்பானது, சொரசொரப்பானது, இரண்டுக்கும் இடைப்பட்டது.

முன்னங்கால்களின் பின்னே மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொடவேண்டும் என்பது இவ்வினத்தாரின் பழைய பரீட்சை. அச்சுற்றளவு 40 முதல் 43 சென்ரிமீற்றர். இதற்கு மேற்பட்ட மார்புடைய நாய் குறுகிய வளைக்குள் புகமுடியாது என்பதே காரணம். நம் வீட்டு நாய் வளைக்குள் போகவேண்டியதில்லை எனினும், இப்பரீட்சை வேறொரு வகையில் உதவும்: விரல்கள் மெல்ல மெல்ல விலகத் தொடங்கினால் நாய் கொழுத்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

சிறு நாய்கள் நெடுநாள் வாழ்வன. பிரித்தானியாவில் 30,000க்கு மேற்பட்ட நாய்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஆராயப்பட்ட இனங்களுள் மிக நீண்ட ஆயுளை எதிர்பார்க்கத்தக்கது ஜாக் ரசலே. எல்லா நாய்களுக்கும் சராசரி 11.2 ஆண்டுகள், இதற்கு 12.7 ஆண்டுகள். நல்ல பராமரிப்பில் பதினைந்து ஆண்டுகளைக் கடப்பனவும் உள. எனவே, பத்து வயதுச் சிறுவனுக்காகக் குட்டி வாங்கும் பெற்றோர், அவன் பல்கலைக்கழகம் சென்ற பின்னரும் அந்நாய்க்குச் சோறிடப் போகிறவர்கள் தாமே என்பதை மறத்தலாகாது.

குணமும் குற்றமும்

இவ்வினத்தின் அறிவு கூர்மையானது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் பரிசுகளைப் பெற்ற 'தி ஆர்ட்டிஸ்ட்' என்னும் திரைப்படத்தில் நடித்துப் பலரையும் கவர்ந்த 'அக்கி' ஒரு ஜாக் ரசலே. ஆனால் திரையிற் காணும் சாகசத்தின் பின்னே பயிற்றுவோரின் நாள் தவறாத உழைப்பு இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டுக் குட்டியை வாங்குவோர், சில மாதங்களில் சலிப்புற்று அதனைத் தெருவில் விட்டுவிடுவது பல நாடுகளிலும் நிகழும் கொடுமை.

இந்நாய் தன் உருவத்தின் சிறுமையை அறியாது. தன்னிலும் பலமடங்கு பெரிய நாயுடன் சண்டைக்குச் செல்லும். நம் மலைநாட்டில் இதனினும் பெரிய ஆபத்து வளைகளில் உண்டு. முள்ளம்பன்றியின் வளைக்குள் தலையை நீட்டும் டெரியர், முகம் நிறைய முட்களுடன் வெளிவரும். நாகமும் விரியனும் பதுங்கும் கற்குவியல்களையும் அது விட்டுவைக்காது. ஆகவே, எல்லைச் சுவரோ வலுவான வேலியோ இல்லாத வளவில் இதனை அவிழ்த்துவிடுதல் தகாது. வேலியின் அடியில் கம்பிவலையை ஒரு அடி ஆழமேனும் மண்ணுக்குள் புதைத்தல் வேண்டும். இல்லையேல் கீழே தோண்டி வெளியேறிவிடும்.

மற்றும், நாள்தோறும் ஒரு மணி நேரமாவது நடையோ ஓட்டமோ விளையாட்டோ இன்றியமையாதது. தொழில் இல்லாத டெரியர் தானே தொழில் தேடிக்கொள்ளும். அத்தொழில் நமக்குப் பிடித்ததாக இராது. அடிப்பதால் பயனில்லை. "வா" என்றவுடன் வந்தால் சிறு இறைச்சித் துண்டு கொடுத்து மெச்சுவதே சிறந்த முறை. குட்டிப் பருவத்திலேயே கோழி, பூனை, குழந்தை, அந்நியர், வாகனம் எல்லாவற்றையும் கயிற்றிற் பிடித்தவாறே பழக்கிவைத்தால் பிற்காலத் துன்பம் குறையும். தவழும் குழந்தையுடன் எந்த நாயையும் தனியே விடலாகாது.

உணவும் உறைவிடமும்

6 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 400 கலோரி போதும். அதனை இருவேளையாகப் பகிர்ந்து கொடுக்கலாம். குட்டிகளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை வேண்டும். சோற்றுடன் முள் நீக்கிய மீன், கோழி இறைச்சி, முட்டை, வேகவைத்த பூசணி அல்லது கரட் சேர்க்கலாம். மிளகாய், உப்பு, கருவாடு ஆகியன வேண்டா. வெறும் சோறும் குழம்பும் மட்டும் ஊட்டி வளர்க்கப்படும் நாய் பருக்குமேயன்றிப் பலம் பெறாது. வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

அலவத்துகொடப் பகுதி வாசகர்கள் விசேடமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கொக்கோ விதையில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருள் நாய்க்கு நஞ்சு. சொக்லேட் கொடுக்கலாகாது என்பதைப் பலர் அறிவர். முற்றத்தில் பாயில் உலரும் கொக்கோ விதையும் அதே நஞ்சுதான் என்பதை நினைப்பவர் சிலரே. கோப்பிக் கொட்டை, வெங்காயம், உலர்ந்த திராட்சை ஆகியனவும் ஆகா. மனிதருக்குரிய பரசிற்றமோல் மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது பெருந்தவறு. எலிப் பாஷாணம் வைக்கும் வீட்டில் டெரியரை வளர்த்தல் கூடாது. நஞ்சுண்ட எலியைப் பிடித்துத் தின்றால் அந்நஞ்சு நாயையும் தாக்கும்.

உறைவிடம் ஈரமின்றி, காற்றோட்டத்துடன் தரைக்குச் சற்று மேலே அமைதல் வேண்டும். மழைக்காலத்தில் அட்டைகள் கால்விரல்களுக்கு இடையிலும் காதுகளிலும் தொற்றும். ஓடைநீரைக் குடிக்கும் நாயின் மூக்கினுள்ளும் நீரட்டை புகுவதுண்டு. ஒரே மூக்குத் துவாரத்தில் இரத்தம் கசிந்தால் அதனைச் சந்தேகிக்க வேண்டும். உண்ணிகள் பரப்பும் காய்ச்சல் நம் நாட்டில் சாதாரணமாகக் காணப்படுவது. மாலைதோறும் காதின் உட்புறம், கழுத்து, விரலிடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்ப்பது பிள்ளைகளின் கடமையாக இருக்கட்டும்.

நோயும் காப்பும்

நாய் வளர்ப்போரின் முதற் கடமை விசர்நாய்த் தடுப்பூசி. இலங்கையில் இதற்கெனச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. நாய்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1901ஆம் ஆண்டில் வந்தது. 1973ஆம் ஆண்டில் இந்நோயால் நம் நாட்டில் 377 பேர் மாண்டனர். நாய்களுக்கு ஊசி ஏற்றும் முயற்சி விரிவடைந்ததன் பயனாக அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் மாள்வோர் 50க்கும் குறைந்துள்ளனர். ஆயினும் நோயின் அறிகுறி தோன்றியபின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம். ஆதலால் ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்தல் வேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசினர் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காலங் கடத்துதல் உயிருக்கே உலை வைப்பதாகும்.

இனி, முன்னர்க் கூறிய மற்ற ஆபத்து. எலிகளின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல், வயலில் இறங்கும் உழவரை வருத்துவது போலவே நாயையும் பற்றும். நோயுற்ற நாயின் சிறுநீரால் அது வீட்டாரையும் தொற்றக்கூடும். இதற்கும் தடுப்பூசி உண்டு; அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எலி பிடிக்கும் நாயை வைத்திருப்போர் இதனை ஒருபோதும் தவறவிடலாகாது. நாய் கழித்த இடத்தைக் கழுவும்போது வெறுங்கையும் வெறுங்காலும் வேண்டா.

குட்டியைத் தேர்வோருக்கு ஒரு சொல். எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. வெண்ணிறம் மிகுந்த இனங்களில் பிறவிச் செவிடு தோன்றுவதுண்டு; குட்டி காணாதவாறு பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். முழங்காற் சில்லு இடம் பெயர்தலும் சிறு நாய்களில் காணப்படுவது. ஓடும்போது ஒரு பின்னங்காலைச் சில அடிகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கண். கண்ணினுள் இருக்கும் வில்லையைத் தாங்கும் நார்கள் பரம்பரைக் குறையால் தளர்ந்து அறுந்து, வில்லை இடம் பெயர்ந்துவிடும் நோய் டெரியர் இனங்களிற் சிலவற்றிற்கு உண்டு. ஜாக் ரசலும் அவற்றுள் ஒன்று. பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வயதுக்குள் இது தோன்றும். கண் திடீரெனச் சிவக்கும், நீர் வடியும், பாவை மங்கிப் பால் கலந்தாற்போலத் தோன்றும், நாய் வெளிச்சத்தைக் கண்டு கூசும். கண்ணினுள் அழுத்தம் விரைந்து ஏறுவதால் பார்வை ஓரிரு நாளில் அழிந்துவிடக்கூடும். ஒரு கண்ணிற் கண்டால் மற்றக் கண்ணும் நாளடைவில் அவ்வழியே செல்லும். கண்டியைச் சூழ்ந்து வாழ்வோருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா மருத்துவமனை அண்மையில் இருப்பது ஒரு வாய்ப்பு.

அலவத்துகொடையில் நிகழ்ந்தது

மேற்கூறியவற்றுட் பெரும்பாலானவற்றை நண்பருக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பினோம். அவர் ஆசிரியரல்லவா? பாடத்தை உடனே செயலாக்கினார். வளவின் மூலையில் மணலும் மண்ணும் கலந்து ஒரு குழி அமைத்து, அதனுள் எலும்பும் பந்தும் புதைத்து வைத்து, 'இது உன் வயல்' என்று மணிக்குக் கற்பித்தனர். இஞ்சிப் பாத்தி பிழைத்தது. வேலியடியில் கம்பிவலை இறங்கியது. காலையில் தாத்தாவும் மாலையில் பேரனும் நடைக்கு அழைத்துச் சென்றனர். இறந்த கோழிகளுக்கு ஈடாக இரண்டு பேட்டுக் கோழிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு அயல் வீட்டிற்குச் சென்றவன் சிறுவனே. அயலவர் கோழிகளை வாங்கிக்கொண்டு, அவனுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினாராம்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஒரு நாள் காலையில் மணியின் இடக் கண் சிவந்திருந்தது. "தூசி விழுந்திருக்கும், தாய்ப்பால் விட்டால் ஆறிவிடும்" என்றனர் வீட்டிலிருந்தோர். அன்றும் மறுநாளும் அவ்வாறே கழிந்தன. பாடசாலைப் பரீட்சை முடிந்து வீடு திரும்பிய பேரன், நாயின் கண்ணை வெளிச்சத்திற் பார்த்தான். உடனே தாத்தாவின் பெட்டியில் இருந்த நம் பழைய கடிதத்தை எடுத்து வந்து படித்துக் காட்டினான். அன்று மாலையே மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றனர்.

இடக் கண்ணின் பார்வையைக் காக்க இயலவில்லை. இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் ஒருவேளை இயன்றிருக்கும் என்றார் வைத்தியர். வலக் கண்ணிலும் வில்லை தளரத் தொடங்கியிருந்தது. ஆனால் அது இடம் பெயருமுன் கண்டுகொண்டமையால் அதற்கு உரிய சிகிச்சையைச் செய்ய முடிந்தது. அக்கண் இன்றும் காண்கிறது.

அச்செய்தியை நம்மிடம் கூறும்போது நண்பரின் குரல் தழுதழுத்தது. "கடிதம் வீட்டிலேயே இருந்தது. படித்தவன் நான். இரண்டு நாளும் எனக்கு நினைவு வரவில்லையே" என்றார். அவரைத் தேற்ற நம்மிடமும் சொல் இல்லை. நாம் அறிந்த ஒன்றை உரிய வேளையில் நினைவிற் கொண்டுவருவதே பராமரிப்பு என்னும் சொல்லின் முழுப் பொருள் என்பதை அன்று உணர்ந்தோம். வாய் பேசாத பிராணி தன் நோவைச் சொல்லாது. பார்த்து அறிய வேண்டியது நம் கண்ணின் கடமை.

தருமபுத்திரர் தம்முடன் வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தார் என்ற கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் சுவர்க்கத்தின் வாசல் வரை போக வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு ஊசி, மாலைதோறும் ஒரு தடவல், நாளுக்கொரு மணி நேர நடை, ஐயம் எழுந்த அன்றே வைத்தியரை நாடுதல் ஆகியவற்றை நம் வாசற்படியிலேயே செய்யலாம். இவற்றைப் பதினைந்து ஆண்டுகளுக்குச் செய்ய மனமில்லாதோர் குட்டியை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

சென்ற முறை அலவத்துகொட சென்றிருந்தபோது மணி வழக்கம்போல் வாசலிலே நின்று குரைத்தது. தலையைச் சற்று இடப்புறம் திருப்பி, வலக் கண்ணால் நம்மை அளந்து பார்த்த பின்னர் வாலை ஆட்டியது. உணவு வேளை வந்தது. ஒரு காலத்தில் அதனை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று கூறிய நண்பரின் மனைவியார், சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வழக்கமான இடத்தில் வைத்தார். பின்பு ஏதோ நினைத்துக்கொண்டு, குனிந்து, அதனை மணியின் வலப்புறமாகச் சிறிது நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே சென்றார்.